இன்சுலினுக்கு எந்தச் சட்டம் கேட்பது?

அமெரிக்காவில் டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளைக்கு 26 வயது ஆக இன்னும் எத்தனை ஆண்டு? அந்த வயது வரைதான் அப்பா அம்மாவின் காப்பீட்டில் பிள்ளை இருக்கலாம். என் மகளுக்கு ஒன்பது வயதில் டைப் 1 வந்தது. (டைப் 1 என்றால் உடம்பு இன்சுலினைச் சுரக்காது, தினமும் வெளியில் இருந்து போட்டுத்தான் ஆக வேண்டும்.) இப்போது பதினேழு. எங்கள் கணக்கில் ஒன்பது ஆண்டு மீதி இருக்கிறது.

எங்களைப் போன்ற சில பெற்றோர்கள் சேர்ந்து தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க நேரம் கேட்டோம். அலுவலகத்தில் இருந்து பேசியவர் நல்லபடியாகத்தான் பேசினார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. "எந்த மாநிலத்துச் சட்டம் மாதிரி வேண்டும்? ஒரு கூட்டத்தொடரில் ஒரு மசோதாவைத்தான் முழு மூச்சாகத் தள்ள முடியும்." நாங்கள் எல்லோரும் "விலை குறைய வேண்டும்" என்றுதான் நினைத்திருந்தோமே தவிர, எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. அதன் பிறகு இரண்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு மாநிலமும் என்ன செய்தது என்று படித்தேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் விலை எப்படி ஏறியது என்று பார்த்துவிடலாம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் அதன் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய மருந்து என்பதுதான் காரணம். எலி லில்லி நிறுவனத்தின் ஹியூமலாக் இன்சுலின் 1996இல் சந்தைக்கு வந்தபோது ஒரு குப்பி 21 டாலர். 2019இல் அதே குப்பி, அதே மருந்து, ஏறக்குறைய 275 டாலர். ஒரு ஆளுக்கு மாதம் இரண்டு மூன்று குப்பி வேண்டியிருக்கும். லில்லி, நோவோ நார்டிஸ்க், சனோஃபி என்று மூன்றே நிறுவனங்கள்தான் சந்தையைக் கையில் வைத்திருக்கின்றன.

விலை ஏறியதற்கு அவர்கள் மட்டும் காரணம் இல்லை. காப்பீட்டு நிறுவனங்களுக்காக மருந்துப் பட்டியல் போடும் இடைத்தரகு நிறுவனங்கள் இருக்கின்றன. சிவிஎஸ் கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் என்ற மூன்றும் நாட்டின் மருந்துச் சீட்டுகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தைக் கையாளுகின்றன. பட்டியலில் இடம் வேண்டும் என்றால் மருந்து நிறுவனம் அவர்களுக்குப் பின்னால் ஒரு தொகையைத் திருப்பித் தர வேண்டும். அதிகம் திருப்பித் தர வேண்டுமானால் மேலே போட்டிருக்கும் விலை அதிகமாக இருக்க வேண்டும். இப்படியே இருவரும் ஏற்றிக்கொண்டே போனார்கள். அந்த மேல் விலையை முழுசாகக் கட்டுவது யார் என்றால், காப்பீடே இல்லாதவர்களும், காப்பீடு இருந்தும் டிடக்டிபிள் (காப்பீடு கட்டத் தொடங்கும் முன் ஒவ்வொரு ஆண்டும் நாமே கட்ட வேண்டிய தொகை) இன்னும் முடியாதவர்களும்தான். அதாவது பேரம் பேச வழியே இல்லாதவர்கள்.

இந்த இடத்தில் அலெக் ஸ்மித் பற்றிச் சொல்ல வேண்டும். மினியாபொலிஸ்காரர். ஒரு உணவகத்தில் மேலாளர் வேலை, ஆண்டுக்கு ஏறக்குறைய 35,000 டாலர் சம்பளம். 2017 மே மாதம் 26 வயது முடிந்தது, அம்மாவின் காப்பீட்டில் இருந்து வெளியே வந்தார். தனியாகக் காப்பீடு எடுக்க விசாரித்தால் மாதம் 450 டாலர் பிரீமியம், அதற்கு மேல் 7,600 டாலர் டிடக்டிபிள். அது கட்டுப்படியாகாது, சம்பளம் வந்ததும் கைக்காசில் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். இன்சுலினும் மற்ற பொருட்களும் சேர்த்து மாதம் 1,300 டாலர். இருந்ததைக் குறைத்துக் குறைத்துப் போட்டுக்கொண்டார். ஜூன் 27 அன்று அவருடைய அறையில் இறந்து கிடந்தார். சம்பளத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

ஒவ்வொரு சட்டத்தைப் படித்தபோதும் நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுப் பார்த்தேன். இந்தச் சட்டம் 2017 ஜூனில் இருந்திருந்தால், மருந்துக்கடைக் கவுண்டரில் நின்ற அலெக்குக்கு என்ன கிடைத்திருக்கும்?

உச்சவரம்பு: கொலராடோவும் அதன் பின்னால் வந்தவர்களும்

கொலராடோதான் முதலில் இறங்கியது. 2019 மே மாதம் ஆளுநர் ஜேரட் போலிஸ் கையெழுத்திட்டார். (இங்கே ஆளுநர் நம்மூர் ஆளுநர் மாதிரி இல்லை. தேர்தலில் நின்று வருபவர், முதலமைச்சரைப் போல.) காப்பீடு உள்ளவர் இன்சுலினுக்கு மாதம் 100 டாலருக்கு மேல் கட்ட வேண்டியதில்லை என்பது சட்டம். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மசோதாவைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான டிலன் ராபர்ட்ஸின் தம்பிக்கும் டைப் 1 இருந்தது.

பிறகு ஒவ்வொரு மாநிலமாகத் தொடர்ந்தார்கள். இல்லினாய் 100 டாலர் வைத்தது, பின்னால் 35க்குக் குறைத்தது. மெய்ன் 35 டாலர். நியூ மெக்சிகோ 25 டாலர். டெக்சாஸ் 2021இல் 25 டாலர். கனெக்டிகட் இன்சுலினுக்கு 25 டாலர் என்று வைத்ததோடு, ஊசி, பரிசோதனைப் பட்டை மாதிரியான பொருட்களுக்கும் மாதம் 100 டாலர் என்று தனி வரம்பு வைத்தது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். இன்சுலினை மட்டும் வைத்துக்கொண்டு சர்க்கரை நோயைச் சமாளிக்க முடியாது என்பது இந்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். இப்போது இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு உச்சவரம்பு இருக்கிறது.

சட்டமன்றத்தில் இது எளிதாக நிறைவேறும். இரண்டு கட்சிகளும் ஓட்டுப் போடும், மருந்து நிறுவனங்கள் பெரிதாக எதிர்க்காது. ஏன் எதிர்க்கவில்லை என்று யோசித்தால் சட்டத்தின் குறையும் புரிந்துவிடும். மருந்தின் விலை அப்படியே இருக்கிறது. நோயாளி கட்டியது போக மீதியைக் காப்பீடு கட்டுகிறது. காப்பீடு அதைப் பிரீமியத்தில் எல்லோரிடமும் வாங்கிக்கொள்கிறது. சுமை ஒரே ஆளின் தலையில் இருந்து பலருடைய தலைக்குப் பிரிகிறது. அது தவறு என்று சொல்ல மாட்டேன், காப்பீடு என்பதே அதற்குத்தானே. ஆனால் விலை குறைந்துவிட்டது என்று மட்டும் நாம் நினைத்துவிடக் கூடாது.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 1974இல் வந்த எரிசா என்ற கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஒரு கம்பெனி தன் பணத்திலேயே ஊழியர்களின் மருத்துவச் செலவைக் கட்டினால், அந்தத் திட்டத்தை மாநிலக் காப்பீட்டுச் சட்டம் தொட முடியாது. கையில் இருக்கும் கார்டில் பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆனால் அது கணக்கு வழக்கு மட்டும்தான் பார்க்கிறது, பணம் கம்பெனியுடையது. வேலை வழியாகக் காப்பீடு பெறுபவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் இப்படிப்பட்ட திட்டத்தில்தான் இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் ஐடி வேலை பார்க்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் இதில் அடக்கம்.

எங்கள் வீடும் அப்படித்தான். மகளுக்கு நோய் வந்த அடுத்த ஜனவரியில் மருந்துக்கடையில் அறுநூறு டாலருக்கு மேல் கேட்டார்கள். டிசம்பர் வரை முப்பது டாலர் கட்டிக்கொண்டிருந்தோம். ஆண்டு பிறந்ததும் டிடக்டிபிள் புதிதாகத் தொடங்கியது எங்களுக்குத் தெரியாது. கடைக்காரப் பெண் பாவம், மூன்று தடவை கணினியில் தட்டிப் பார்த்தார். அட்டையைத் தேய்த்துவிட்டு வந்தோம். அன்று எங்கள் மாநிலத்தில் உச்சவரம்பு இருந்திருந்தாலும் எங்களுக்கு ஒரு காசு குறைந்திருக்காது.

சொற்களில் இருக்கும் ஓட்டை இன்னொன்று. டைப் 1 உள்ளவருக்குப் பொதுவாக இரண்டு இன்சுலின் வேண்டும். நாள் முழுதும் மெதுவாக வேலை செய்யும் ஒன்று, சாப்பாட்டுக்கு முன் போடும் ஒன்று. கொலராடோவின் முதல் சட்டத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் "ஒரு மருந்துச் சீட்டுக்கு 100 டாலர்" என்று படித்தன. இரண்டு சீட்டு என்றால் 200. அதைச் சரிசெய்ய 2021இல் இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது. டெக்சாஸ் சட்டம் எழுதப்பட்டபோதே ஒரு சீட்டுக்கு 25 டாலர் என்றுதான் எழுதப்பட்டது. உங்கள் மாநில மசோதாவைப் படிக்க நேர்ந்தால் முதலில் தேட வேண்டிய வரி இதுதான்: "எத்தனை வகை இன்சுலினாக இருந்தாலும் மொத்தமாக" என்று இருக்கிறதா?

சரி, அலெக்குக்கு? ஒன்றும் இல்லை. அவரிடம் காப்பீடே இல்லை.

2024இல் ஹெல்த் அஃபேர்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. உச்சவரம்பு வைத்த மாநிலங்களில் இன்சுலின் வாங்கும் அளவு குறிப்பிடத்தக்க விதத்தில் கூடவில்லை. அந்தச் சட்டம் தொடும் மக்கள் எப்படியோ வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது அவர்களுக்குச் செலவு குறைகிறது. அதுவும் வேண்டியதுதான். ஆனால் இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொண்டு உயிரைப் பணயம் வைத்தவர்கள் பெரும்பாலும் சட்டத்தின் வெளியே நிற்கிறார்கள்.

மினசோட்டா: கடைசி ஏழு நாள்

மினசோட்டாவில் அலெக்கின் அம்மா நிக்கோல் ஸ்மித்-ஹோல்ட் சட்டமன்றத்தின் படிகளில் ஏறி இறங்கினார். 2019இல் மசோதா கடைசி நேரத்தில் கைநழுவியது. யார் பணம் கட்டுவது என்பதில்தான் சண்டை. கடைசியில் 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்குக்கு நடுவே, ஆளுநர் டிம் வால்ஸ் கையெழுத்திட்டார். சட்டத்துக்கு அலெக்கின் பெயரையே வைத்தார்கள். ஜூலை 1 முதல் நடைமுறை.

சட்டத்தில் இரண்டு பகுதி. முதல் பகுதி அவசரத்துக்கு. கையில் ஏழு நாளுக்கும் குறைவான இன்சுலின்தான் இருக்கிறது என்றால், மருந்துக்கடைக்குப் போய் ஒரு படிவத்தை நிரப்பி, மருந்துச் சீட்டையும் மாநில அடையாள அட்டையையும் காட்டி, 35 டாலர் கட்டினால் 30 நாளுக்கான இன்சுலினை அங்கேயே வாங்கிக்கொண்டு வரலாம். பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை. இரண்டாவது பகுதி தொடர்ந்து தேவைப்படுபவர்களுக்கு. வருமானம் வறுமைக்கோட்டின் நான்கு மடங்குக்குள் இருந்தால், 90 நாளுக்கு 50 டாலர் என்ற கணக்கில் ஓராண்டு வரை வாங்கலாம், பிறகு திரும்ப விண்ணப்பிக்கலாம்.

இதில் பணம் கட்டுவது மாநிலம் இல்லை, காப்பீட்டு நிறுவனமும் இல்லை. இன்சுலின் தயாரிக்கும் நிறுவனம்தான். அவசரப் பகுதியில் கடை கொடுத்த இன்சுலினுக்கு நிறுவனம் பணம் தர வேண்டும் அல்லது அதே இன்சுலினைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாட்டேன் என்றால் மாதம் 2 லட்சம் டாலர் அபராதம். ஆறு மாதம் தாண்டினால் 4 லட்சம், ஓராண்டு தாண்டினால் 6 லட்சம். நான் படித்த சட்டங்களில் பல் உள்ள சட்டம் இது ஒன்றுதான் என்று தோன்றியது.

பல் இருந்ததால் வழக்கும் வந்தது. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள் மருந்து நிறுவனங்களின் சங்கம் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. எங்கள் சரக்கை ஈடு கொடுக்காமல் அரசு எடுத்துக்கொள்கிறது, அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தத்துக்கு விரோதம் என்பது வாதம். 2021இல் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023இல் எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் திரும்ப உயிர்ப்பித்தது. எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த வழியில் போனால் நீதிமன்றம் உறுதி. ஆனால் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதும் மினசோட்டாவில் மக்கள் கடைக்குப் போய் இன்சுலின் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அலெக்கை இந்தக் கவுண்டரில் நிறுத்திப் பாருங்கள். ஜூன் மாதக் கடைசி வாரம், கையில் சில நாளுக்குத்தான் இருக்கிறது. 35 டாலர். 30 நாள் மருந்து. அதற்குள் சம்பளம் வந்துவிடும். அவருடைய வருமானம் நான்கு மடங்கு வரம்புக்குள் வருகிறது, அந்த ஆண்டு தனி ஆளுக்கு அது ஏறக்குறைய 48,000 டாலர். ஆகவே இரண்டாவது பகுதியும் கிடைத்திருக்கும். அவர் உயிரோடு இருந்திருப்பார் என்று நிச்சயமாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பணம் காரணமாக இருந்திருக்காது.

குறைகளும் இருக்கின்றன. படிவம் என்ற ஒன்று இருந்தாலே சிலர் வர மாட்டார்கள். அடையாள அட்டை இல்லாதவர்களுக்குக் கதவு மூடிவிடும். எல்லாவற்றையும்விட, இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாதவர்கள் அதிகம். நிறுவனங்கள் தாங்களாக நடத்திய உதவித் திட்டங்களிலும் இதே சிக்கல்தான். தொலைபேசி எண் இருக்கும், யாருக்கும் தெரியாது. சட்டத்தோடு சேர்த்து விளம்பரத்துக்கும் ஒரு தொகை ஒதுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கொலராடோவும் 2021இல் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டது. காப்பீட்டு உச்சவரம்பை வைத்துக்கொண்டே, 35 டாலருக்கு அவசர இன்சுலினும், மாதம் 50 டாலருக்கு ஓராண்டுத் திட்டமும் சேர்த்தது. முதலில் தொடங்கிய மாநிலமே மினசோட்டாவின் பக்கம் திரும்பியது எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது.

இதோடு ஒட்டிச் சொல்ல வேண்டியது ஒஹையோவின் கெவின் சட்டம். கெவின் ஹூட்ஷெல் என்பவரின் மருந்துச் சீட்டு காலாவதியாகிவிட்டது. புத்தாண்டுக்கு முதல் நாள் கடைக்குப் போனார், கடைக்காரரால் கொடுக்க முடியவில்லை, மருத்துவரையும் பிடிக்க முடியவில்லை. 2014 ஜனவரியில் இறந்தார். அவரிடம் பணப் பிரச்சினை இல்லை, சீட்டுதான் இல்லை. அவருடைய குடும்பத்தின் முயற்சியால், பழைய சீட்டை வைத்தே அவசரத்துக்கு மருந்து கொடுக்க மருந்தாளுநருக்கு அதிகாரம் வந்தது. பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின. செலவே இல்லாத சட்டம். உங்கள் மாநிலத்தில் இல்லையென்றால் எந்த மசோதாவோடும் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.

கலிஃபோர்னியா: தானே விற்கும் அரசு

விலையின் வேரில் கை வைத்தது கலிஃபோர்னியா மட்டும்தான். 2020இல் ஒரு சட்டம் போட்டு, மாநிலமே தன் பெயரில் மருந்து விற்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. திட்டத்துக்குக் கால்ஆர்எக்ஸ் என்று பெயர். 2022 வரவு செலவுத் திட்டத்தில் 10 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2023 மார்ச்சில் சிவிகா என்ற லாப நோக்கமில்லாத நிறுவனத்தோடு 5 கோடி டாலர் ஒப்பந்தம். குப்பி 30 டாலர், ஐந்து பேனா உள்ள பெட்டி 55 டாலர். தள்ளுபடி கிடையாது, பின்னால் திருப்பித் தருவது கிடையாது, இடைத்தரகருக்குப் பங்கு கிடையாது. எல்லோருக்கும் ஒரே விலை, காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மேல் விலை, கீழ் விலை என்ற அந்தக் குழப்பம் முழுவதையும் ஒரே அடியில் தாண்டிப் போகிற யோசனை இது.

ஆனால் காலம் பிடித்தது. 2024க்குள் வரும் என்றார்கள், வரவில்லை. முதல் பேனா கடைக்கு வரும் நாளாக 2026 ஜனவரி 1ஐத்தான் கடைசியில் அறிவித்தார்கள். அதுவும் கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின் மட்டும். சாப்பாட்டுக்கு முன் போடும் வகை பின்னால் வர வேண்டும். டைப் 1 உள்ளவருக்கு இது பாதிக் கிணறு. நம் ஊர்ச் செய்தி ஒன்றும் இதில் இருக்கிறது: சிவிகா வழியாக வரும் இந்தக் கிளார்ஜினின் பின்னால் இருப்பது பெங்களூரு பயோகான். அமெரிக்காவில் கடைக்காரரே மாற்றிக் கொடுக்கலாம் என்று 2021இல் முதல் முதலாக அனுமதி பெற்ற உயிரொப்பு இன்சுலினும் (மூல மருந்தைப் போலவே வேறு நிறுவனம் தயாரிப்பது) அவர்களுடையதுதான்.

கலிஃபோர்னியாவின் கதையில் இன்னொரு பாடம் உண்டு. 2023இல் சட்டமன்றம் 35 டாலர் உச்சவரம்பு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் கேவின் நியூசம், எங்களுக்குக் கால்ஆர்எக்ஸ் வருகிறது, உச்சவரம்பு வைத்தால் செலவு பிரீமியத்தில் ஏறும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். பொருளாதாரமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த இரண்டு ஆண்டும் கால்ஆர்எக்ஸ் இன்சுலினும் வரவில்லை, உச்சவரம்பும் இல்லை. 2025 அக்டோபரில் அதே ஆளுநர் 35 டாலர் மசோதாவில் கையெழுத்திட்டார். தூரத்தில் இருக்கும் நல்ல தீர்வைக் காட்டிக் கிட்டத்தில் இருக்கும் சின்னத் தீர்வைத் தள்ளிப்போடக் கூடாது என்று எங்கள் கூட்டத்தில் இதை வைத்துத்தான் சொன்னேன்.

எங்கள் மாநிலம் சின்னது. 5 கோடி டாலர் போட்டு ஐந்து ஆண்டு காத்திருக்கும் தெம்பு அதற்கு இல்லை. ஆனால் சிவிகா தன் இன்சுலினை நாடு முழுதும் விற்பதற்காகத்தான் கொண்டுவருகிறது. வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்கில் இன்சுலினும் தயாரிக்கும் திட்டத்தோடு ஆலை கட்டியிருக்கிறார்கள். அதனால் கலிஃபோர்னியாவின் பலனில் ஒரு பங்கு நாம் சட்டம் போடாமலே வந்து சேரலாம்.

யூட்டாவின் வழி இதற்கும் உச்சவரம்புக்கும் நடுவில் இருக்கிறது. மாநில அரசு ஊழியர்களின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கெனவே தள்ளுபடி விலையில் இன்சுலின் வாங்குகிறது. அந்த விலையிலேயே மற்ற மக்களும் வாங்கிக்கொள்ளலாம் என்று 2020இல் கதவைத் திறந்துவிட்டார்கள். சிக்கனமான யோசனை, சின்ன மாநிலத்துக்குப் பொருந்தும். கையில் சுத்தமாகக் காசில்லாதவருக்குத் தள்ளுபடி விலையும் பெரிய தொகைதான் என்பது மட்டும் குறை.

நெவாடா 2017இலேயே, சர்க்கரை நோய் மருந்துகளின் விலையை ஏன் ஏற்றினீர்கள் என்று நிறுவனங்கள் கணக்குக் காட்ட வேண்டும் என்றது. நாட்டிலேயே முதல் முறை. கவுண்டரில் நிற்பவருக்கு அதனால் ஒரு டாலரும் குறையாது என்பதால் நான் அதை நம் பட்டியலில் சேர்க்கவில்லை.

இப்போது விலை குறைந்துவிட்டதே?

எங்கள் குழுவில் ஒருவர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி. 2023 மார்ச்சில் மூன்று நிறுவனங்களும் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் அடுத்தடுத்து விலைக் குறைப்பை அறிவித்தன. லில்லி 70 சதவீதம், நோவோ 75 சதவீதம் வரை, சனோஃபி தன் லாண்டஸ் இன்சுலினுக்கு 78 சதவீதம். ஹியூமலாக் குப்பி 66 டாலருக்கு வந்தது. மாதம் 35 டாலர் என்ற திட்டங்களும் வந்தன. அதற்கு முன்பே, 2022இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், மெடிகேரில் இருக்கும் முதியவர்களுக்கு 2023 முதல் மாதம் 35 டாலர் என்று வரம்பு வைத்தது. தனியார் காப்பீட்டுக்கும் அதே வரம்பு வேண்டும் என்ற பகுதி செனட்டில் 57 ஓட்டு வாங்கியும், தேவைப்பட்ட 60 கிடைக்காததால் விழுந்தது.

நிறுவனங்கள் விலையைக் குறைத்ததில் மக்களின் கோபத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் காலத்தைப் பாருங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டுக்கு மருந்து நிறுவனங்கள் தர வேண்டிய தள்ளுபடிக்கு இருந்த உச்ச அளவு 2024 ஜனவரியில் நீங்கியது. விலையை வேகமாக ஏற்றிய மருந்துக்கு, விற்கும் விலையைவிட அதிகமாகத் திருப்பிக் கட்ட வேண்டிய நிலை வந்தது. குறைப்பும் அந்தத் தேதியை ஒட்டியே நடைமுறைக்கு வந்தது. அதாவது சட்டம்தான் விலையைக் குறைத்தது.

35 டாலர் திட்டங்கள் நிறுவனங்கள் தாமாகத் தருபவை. கொடுப்பவர் நிறுத்தவும் செய்யலாம். நோவோ தன் லெவெமிர் இன்சுலினை 2024 முடிவோடு அமெரிக்கச் சந்தையில் இருந்தே எடுத்துவிட்டது. அதில் நன்றாகப் பழகியிருந்தவர்கள் வேறு இன்சுலினுக்கு மாறி, அளவு சரிசெய்யப் பல வாரம் அலைந்தார்கள். மினசோட்டாவின் தலைமை வழக்கறிஞர் லில்லி மேல் போட்ட வழக்கில் 2024இல் உடன்பாடு வந்தது. காப்பீடு இல்லாதவர் உட்பட மாநில மக்களுக்கு 35 டாலர் விலையில் கொடுக்க வேண்டும், ஆனால் அதற்கும் ஐந்து ஆண்டுதான் ஆயுள். என் மகளுக்கு 26 ஆவதற்குள் அது முடிந்துவிடும்.

எங்கள் கூட்டத்தில் இன்னொருவர், ஊரில் இருந்து அம்மா வரும்போது இன்சுலின் கொண்டுவரச் சொன்னால் போதாதா என்றார். நம்மவர்களில் பலர் செய்வதுதான். அவசரத்துக்கு வேறு வழியில்லாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் குப்பி, ஒரு மில்லிக்கு 40 யூனிட். இங்கே கிடைக்கும் ஊசி 100 யூனிட் குப்பிக்கு அளந்தது. 40 யூனிட் குப்பியில் 100 யூனிட் ஊசியைப் போட்டால் நீங்கள் நினைக்கும் அளவில் பாதிகூட உடம்புக்குள் போகாது. பழக்கம் மாறி அதற்கு எதிர்ப்பக்கமாகப் போனால் இன்னும் ஆபத்து, சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும்.

ஆக, நாங்கள் என்ன கேட்கப் போகிறோம் என்றால், முதலில் மினசோட்டா மாதிரி அவசர இன்சுலினும் ஓராண்டுத் திட்டமும். நிறுவனம்தான் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அபராதம். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு இது தேவைப்படப் போவதில்லை. எனக்கும் இன்று தேவையில்லை. ஆனாலும் முதலிடம் இதற்குத்தான். சட்டம் இல்லாததால் யாராவது செத்துப்போகிற இடம் இது ஒன்றுதான்.

இரண்டாவதாக, அதே மசோதாவில் இடம் கிடைத்தால் 35 டாலர் உச்சவரம்பு, எல்லா வகை இன்சுலினுக்கும் சேர்த்து, கனெக்டிகட் போலப் பொருட்களுக்கும் ஒரு வரம்போடு. கம்பெனித் திட்டங்களை அது எட்டாது என்று தெரிந்தேதான் கேட்கிறோம். சின்னக் கடை வைத்திருப்பவர்களும், சந்தையில் தனியாகக் காப்பீடு வாங்குபவர்களும் அதில் பலன் பெறுவார்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று உறுப்பினர் சொன்னால் உச்சவரம்பை விட்டுவிடுவது என்று ஓட்டெடுத்து முடிவு செய்திருக்கிறோம். ஒரு குடும்பம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வாங்குவது தனிக் காப்பீடு, மாதாமாதம் கட்டும் வலி அவர்களுடையது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அவர்களும் கூட வருகிறார்கள்.

கலிஃபோர்னியா வழியை இந்த ஆண்டு கேட்கவில்லை.

அடுத்த மாதம் சட்டமன்றக் குழு விசாரணையில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசக் கொடுப்பார்களாம். என் மகள் தானும் பேசுகிறேன் என்கிறாள். அவள் எழுதி வைத்திருப்பது ஏழு நாள் என்ற அந்த ஒரு விதியைப் பற்றி மட்டும்: அது மூன்று நாளாக இருந்தால் ஏன் போதாது, வார இறுதியும் விடுமுறையும் சேர்ந்து வந்தால் மூன்று நாள் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று. குளிர்சாதனப் பெட்டியில் எங்கள் வீட்டு இன்சுலின் இருக்கும் தட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். அதில் அன்று இருந்தது ஒன்றரைக் குப்பி.